அகுஸ்தாவின் வலது கன்னம்

அன்று காலை முகம் கழுவும்போது, வலது கன்னத்தில் தண்ணீர் பட்டது மெலித்தாவுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் என்னவோ பட்டுத்தான் இருந்தது. தெருமுனைத் தொட்டியில் இரவெல்லாம் கிடந்து ஊசியாய்க் குளிர்ந்துபோன தண்ணீர். இரண்டு கையாலும் அள்ளி அடித்ததில் மோவாயிலிருந்து சொட்டிக் கழுத்துக்குள் இறங்கியது. இடது கன்னம் சுள்ளென்று எரிந்தது. வலது பக்கம் மட்டும் வேறு யாருடைய முகத்தையோ கழுவியதுபோல இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை.

"ஏண்டி, மூஞ்சிய தொட்டியிலயே விட்டுட்டுப் போகப்போறியா? பின்னால நாங்களும் நிக்கிறோமில்ல."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹெதோனே நின்றாள். அதே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருப்பவள். பிணங்களைக் கழுவி, எண்ணெய் தடவி, துணி சுற்றி அனுப்புவது அவள் தொழில். ஊரில் நோய் வந்ததிலிருந்து அவளுக்கு உட்கார நேரமில்லை, ஆனால் பேசுவதற்கு மட்டும் எப்படியோ நேரம் இருந்தது.

"ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்போலக்கா. மரத்துப்போச்சு."

"மரத்துப்போறதுக்கு மூஞ்சி என்ன காலா? புருஷன் மாத்திப் படுக்க வெச்சானா?" என்று சிரித்துக்கொண்டே ஹெதோனே குடத்தை அமுக்கினாள்.

மெலித்தாவும் சிரித்தாள். சிரிப்பு இடது பக்கம்தான் போனது. நாக்கில் செம்பு ருசி இருந்தது, காசை வாயில் போட்டு வைத்திருக்கும்போது வருகிற ருசி. துப்பினாள். போகவில்லை.

மேலே கைலியன் குன்றுப் பக்கம் அக்கசாலையில் சம்மட்டிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. டங். சற்று இடைவெளி. டங். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அந்தச் சத்தம் உண்டு. அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள் அந்தத் தாளத்தில்தான் தூங்கும். மெலித்தாவின் புருஷன் தல்லுஸுக்கு அங்கேதான் வேலை. காசு அடிக்கும் இரும்பு அச்சில் உருவம் வெட்டுகிறவன். மெலித்தா வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கொண்டை போடுவாள். இரண்டு பேரும் அரண்மனை அடிமைகள். வசந்தத்தில் விடுதலை தருவதாக மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்திருந்தார். விடுதலையானவர்கள் போடும் கம்பளித் தொப்பியை மெலித்தா இப்போதே பின்னி, உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அந்த வாக்கு எப்படிக் கிடைத்தது என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

*

இலையுதிர்காலத்தில் பேரரசர் தூர தேசத்தில் ஒரு பெண்ணை மணந்து அவளுக்கு அகுஸ்தா என்ற பேரரசிப் பட்டத்தையும் கொடுத்தார். அவள் ஊருக்குள் வந்து சேரும் முன்பே அவள் முகம் காசில் வந்து சேர வேண்டும். அது வழக்கம். அதற்காக அரண்மனையிலிருந்து சுண்ணாம்பில் வார்த்த தலை ஒன்று வந்தது, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில். ஒரே ஒன்று.

அக்கசாலையில் வெளிச்சம் போதவில்லை என்று தல்லுஸ் அதைத் துணியில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்தான். அது கூடாத காரியம். நாலாவது மாடிப் படியில் யாரோ கொட்டியிருந்த எண்ணெயில் கால் வைத்தான்.

துணியைப் பிரித்தபோது முகம் இருந்த இடத்தில் மாவு இருந்தது. கொண்டை மட்டும் ஒரு கீறல் இல்லாமல், அலை அலையாக, பிடரியில் முடிச்சுப் போட்டபடி அப்படியே இருந்தது.

தல்லுஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுதுடி. கல்லுடைக்கக் கல்லுக்குழிக்கு அனுப்பிடுவாங்க. என்னை மட்டும் இல்ல, உன்னையும்."

மெலித்தா அந்தக் கொண்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழில்காரியின் பார்வை. "இது ஒண்ணும் பெரிய வேலையில்லைய்யா. இத நான் என் தலையில போட்டுக்கறேன்."

"கொண்டைய வெச்சு நான் என்ன பண்ண? மூஞ்சி?"

"மூஞ்சிக்கு என் மூஞ்சிய வெச்சுக்கோ. ராணிங்கன்னா ஊருல எல்லாரும் கொண்டையத்தான் பாக்குறாங்க. மூக்க யாரு ஞாபகம் வெச்சிருக்கா?"

அவள்தான் சொன்னாள். பின்னால் பல தடவை அதை நினைத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

ஒன்பது நாள் ஜன்னலோரம் வலது பக்கம் காட்டி உட்கார்ந்தாள். தல்லுஸ் வெட்டினான். அச்சில் எல்லாம் தலைகீழ் வேலை. காசில் மேடாக வரவேண்டியதெல்லாம் இரும்பில் பள்ளமாக இறங்க வேண்டும், வலம் இடமாக வேண்டும். வெளிச்சம் மங்கும்போது, வந்தது வரை சரிதானா என்று பார்ப்பான். பள்ளத்துக்குள் வாயால் ஊதித் தூசியை விரட்டுவான். கட்டைவிரலால் ஒரு முறை துடைப்பான். தேன்மெழுகை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி அதில் அழுத்தி, மெல்ல உரித்து, வெளிச்சத்தில் பிடிப்பான். அதில் மெலித்தா இருப்பாள். மூக்கின் நடுவில் இருந்த சின்ன மேடு உட்பட.

"அருமையா வந்திருக்கு," என்பான். அவளிடம் இல்லை, மெழுகிடம். பிறகு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று மறுபடி உருட்டுவான்.

ஒன்பதாம் நாள் அவளுக்குக் கழுத்து வலித்தது, அவ்வளவுதான். வேறொன்றும் தெரியவில்லை.

காசு வெளியே வந்தது. அகுஸ்தாவும் வந்தாள், பல்லக்குத் திரைக்குப் பின்னால். அவளை யார் பார்த்தார்கள்? காசைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அரண்மனையில் அகுஸ்தாவே அதைப் பார்த்து, தன்னைவிடச் சின்னவளாக இருக்கிறது என்று சிரித்தாளாம். மேற்பார்வையாளர் தல்லுஸின் தோளைத் தட்டினார். வசந்தத்தில் விடுதலை என்றார்.

*

கன்னம் மரத்துப்போன நாலாம் நாள், ஹெதோனே கொண்டை போட்டுக்கொள்ள வந்தாள். நோய்க்காகத் தெருவெல்லாம் எரித்த புன்னை இலைப் புகை அவள் துணியில் ஏறியிருந்தது. அதற்கு அடியில், எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் போகாத அந்த இன்னொரு வாடை.

"இங்க பாரு," என்று மடியிலிருந்து ஒரு செம்புக் காசை எடுத்தாள் ஹெதோனே. "நானும் ரொம்ப நாளா பாக்குறேன். அந்த மகராசி அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கா. நீ எங்கேயாவது அரண்மனைத் தொட்டில்ல மாறிப் போனவளா?"

"போக்கா. கொண்டைய வெச்சுச் சொல்றே."

"கொண்டையா? இந்த மூக்கு?" ஹெதோனே கட்டைவிரலால் காசின் மூக்கைத் தடவினாள்.

மெலித்தாவின் கையிலிருந்த சீப்பு நின்றது.

மூக்கின்மேல் ஒரு விரல் போனது. சொரசொரப்பான, எண்ணெய்ப் பிசுக்குள்ள பெரிய விரல். மூக்கு மேட்டிலிருந்து நுனிக்கு. நுனியில் ஒரு நொடி நின்றது.

ஹெதோனே அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஹெதோனேயின் இரண்டு கையும் அவள் மடியில்தான் இருந்தன.

"நீ அத என்ன பண்ணுவேக்கா?" மெலித்தா மெதுவாகக் கேட்டாள்.

"எத? காசையா? என்ன பண்ணுவேன், பொணத்து வாயில வெக்கறதுதான். செத்தவங்கள ஆத்துக்கு அக்கரை சேக்குற படகுக்காரனுக்குக் கூலி வேணாமா? இப்ப எல்லாருக்கும் இந்தக் காசுதான் வேணுமாம். புதுசா பளபளன்னு இருக்கே, பொம்பள மூஞ்சி வேற, போற வழிக்குத் துணையாம். நேத்து மட்டும் நாக்குக்கு அடியில உன் ஆளை எத்தனை பேருக்கு வெச்சேன்னு எனக்கே நினைப்பில்ல. வெச்சுத் தாடையக் கட்டிட்டா அப்புறம் வெளியவே வரமாட்டா." அவள் சிரித்தாள். "சீக்கிரம் போடுடி. அடுத்த வீட்டுல ரெண்டு காத்திருக்கு."

மெலித்தா போட்டாள். விரல்கள் தானாகப் பின்னின. அவள் அப்போது வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக இருந்த செம்பு ருசிக்கு அடியில் இன்னொரு ருசியும் இருந்தது. இப்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. குளிர்ந்த எச்சில். அவளுடையது இல்லை.

*

அதற்குப் பிறகு அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது?

ரொட்டிக் கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது எங்கிருந்தோ ஒரு கட்டைவிரல் கன்னத்தில் ஏறும். காசு நல்லதா என்று பார்க்கிற பழக்கம், இந்த ஊரில் எல்லோருக்கும் உண்டு, மேட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்ப்பார்கள். மீன்காரனின் ஈர விரல். சலவைக் கிடங்கு ஆட்களின் காரம் ஏறிய விரல். எங்கோ ஒரு குழந்தையின் ஈறு, பல் முளைக்காத ஈறு, அவள் நெற்றியைச் சப்பிக்கொண்டிருக்கும். பிறகு இருட்டு. எதிர்பாராத நேரத்தில், பட்டப்பகலில், வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போது, முகத்தின்மேல் கனமாக, கோழையாக, அசையாமல் ஒரு நாக்கு வந்து படுக்கும். மேலே பற்கள் மூடும். அது விலகுவதில்லை. அதன்மேல் இன்னொன்று வந்து படுக்கும்.

முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக மரத்தது. மேடான இடங்கள்தான் முதலில் போயின, கன்னத்தின் எலும்பு, மூக்கு நுனி, புருவம், காதுக்கு மேலே முடியின் அலை. தேய்கிற காசில் எந்த வரிசையில் தேயுமோ அதே வரிசையில்.

கொண்டை போடப் போன வீட்டில் ஒரு அம்மாள் அவளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பி நேரிலும் பார்த்தாள். "உனக்கு என்னடி ஆச்சு? தூங்கலையா? மூஞ்சி ஒரு மாதிரி வழவழன்னு இருக்கு."

"குளிரும்மா."

வீட்டுக்கு வந்து வெண்கலக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். மூக்கின் நடுவில் மேட்டைக் காணோம்.

அன்று மாலை கடலைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே அவள் கேட்டாள். "அச்ச மாத்திடுய்யா."

தல்லுஸ் நிமிர்ந்தான். "என்ன?"

"வேற மூஞ்சி வெட்டு. யாரு மூஞ்சியாவது. அச்சு வெடிச்சுப்போச்சுன்னு சொல்லு, வெடிக்கறதுதானே."

"வெடிச்சா அதே மாதிரி இன்னொண்ணு வெட்டச் சொல்லுவாங்க. இது ஆறாவது அச்சு. நான் பாக்காமயே வெட்டுவேன் இப்ப." அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன்? என்ன பண்ணுது உனக்கு?"

அவள் சொன்னாள். விரல்கள். நாக்குகள். மூக்கின் மேடு.

அவன் ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்தபடியே வைத்திருந்தான். அது ஊறி அறுந்து விழுந்தது. "நோய் வந்த ஊரு மெலித்தா. எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு பண்ணுது. வசந்தம் வரைக்கும் பொறுத்துக்கோ. தொப்பி போட்டுட்டோம்னா இந்தத் தெருவ விட்டே போயிடலாம்." பிறகு, அவளைச் சிரிக்க வைக்க நினைத்து, இடுப்பு முடிச்சிலிருந்து எதையோ எடுத்தான். "இத பாரு. உனக்குன்னு கொண்டு வந்தேன். சத்தம் போடாத, தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க."

ஒரு காசு. ஒரு பக்கம் அவள். திருப்பினாள். மறுபக்கத்தில் இருக்க வேண்டிய தேவியும் மயிலும் இல்லை. அங்கேயும் அவள்தான். ஆனால் மேடாக இல்லாமல் பள்ளமாக, உள்ளே குழிந்து, இடது பக்கம் பார்த்துக்கொண்டு.

"சம்மட்டிக்காரன் திரோமோ இருக்கான்ல, அவன் பண்ண கூத்து. அடிச்ச காசு மேலச்சுல ஒட்டிக்கிச்சு. அத எடுக்காம அடுத்த வில்லைய வெச்சு அடிச்சிட்டான். ஒட்டிக்கிட்டிருந்த உன் மூஞ்சி இதுமேல அச்சாயிடுச்சு. உருக்கறதுக்குத்தான் போடணும். எனக்கு மனசு வரல." அவன் சிரித்தான். "முன்னாலயும் நீ, பின்னாலயும் நீ. எந்தப் பக்கம் திருப்பினாலும் என் பொண்டாட்டி."

அவள் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. அழுத்தினாள்.

பிடரியில், கொண்டைக்கு அடியில், கதகதப்பாக ஏதோ அழுந்தியது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் தெளிவாக உணர்ந்த முதல் தொடுகை அதுதான்.

*

குளிர்காலத்தின் கடைசியில் அகுஸ்தா செத்துப்போனாள். அதே நோய். அரண்மனைச் சுவரை அது எப்படித் தாண்டியதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைகள் சாத்தினார்கள். குன்றில் சம்மட்டிகள் நின்றன.

அந்த அமைதியில் மெலித்தா கட்டிலில் உட்கார்ந்து, தான் சந்தோஷப்படுகிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் ஓடியது. அகுஸ்தா செத்துவிட்டாள். இனி அவளுக்குக் காசு அடிக்க மாட்டார்கள். இருக்கிற காசு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் போகும், உருகும். மிச்சம் இருக்கிற முகத்தோடு வாழ்ந்துகொள்ளலாம்.

தல்லுஸ் மத்தியானமே வந்துவிட்டான். கதவருகில் நின்றான். உள்ளே வரவில்லை.

"தெய்வமாக்குறாங்களாம்," என்றான்.

"யார?"

"அகுஸ்தாவ. தெய்வமாயிட்டான்னு அறிவிச்சிட்டாங்க. அதுக்குக் காசு அடிக்கணும். ஊரு பூரா. படை பூரா. இதுவரைக்கும் அடிச்சதெல்லாம் ஒண்ணுமேயில்ல."

செத்துத் தெய்வமான ராணிகளின் காசு எப்படியிருக்கும் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கொண்டைக்கு மேலே முக்காடு. முக்காடு போட்டிருந்தால் அவள் செத்தவள்.

மெலித்தா எழுந்தாள். நாலு எட்டு வைத்து அவனிடம் போய் அவன் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்திருக்கிறாளா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"எனக்கு முக்காடு போடாதய்யா."

"மெலித்தா..."

"வேற மூஞ்சி வெட்டு. உங்கம்மா மூஞ்சி வெட்டு. அந்த ஹெதோனே மூஞ்சி வெட்டு. நான் உயிரோட இருக்கேன். என்னைப் போய்ச் செத்தவன்னு வெட்டாத."

"வெட்டல. சத்தியமா வெட்டல." அவன் அழுதான். "வேற மூஞ்சி வெட்டறேன். யூனோ தாய்மேல சத்தியம்."

ஒன்பது நாள் அவன் அக்கசாலையிலேயே தங்கினான். ஒன்பதாம் நாள் காலையில் முகம் கழுவ வந்தபோதுதான் அவனைப் பார்த்தாள், தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துப் பேசினான்.

"வேற மூஞ்சிதான் மொதல்ல வெட்டினேன். கொண்டு போய்க் காட்டினேன். மேற்பார்வையாளர் இதையும் பழைய காசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. இது அகுஸ்தாவா, அது அகுஸ்தாவான்னு கேட்டாரு. இது அகுஸ்தான்னா அது யாருன்னு கேட்டாரு. அந்தச் சுண்ணாம்புத் தலைய எடுத்துட்டு வா, ஒத்துப் பாக்கலாம்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"கை தவறிடுச்சுங்க, நாளைக்குச் சரியா கொண்டு வரேன்னு சொன்னேன்."

தொட்டித் தண்ணீர் அசைந்து நின்றது.

"வெட்டிட்டே."

"நம்ம ரெண்டு பேருக்காகவும்தாண்டி. கல்லுக்குழியில உன்னால ஒரு மாசம் தாங்க முடியுமா? அரண்மனைக்குப் பிடிச்சிருக்கு. விடுதலை இன்னிக்கேன்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் ஓலை எழுதறாங்க. சாயங்காலம் நம்ம ரெண்டு பேரும்..."

அவள் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

*

அன்று காலையிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள்.

டங்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் தெருவுக்கு. எப்போது அப்படி உட்கார்ந்தாள் என்று நினைவில்லை. கீழே பாத்திரக்காரன் கத்தினான், யாரோ முட்டைக்கோஸ் தண்ணீரைக் கொட்டினார்கள், எரித்த இலையின் புகை ஜன்னல்வழியாக உள்ளே வந்து அவள் கண்ணில் பட்டும் படாமல் போனது. கண் கரிக்கவில்லை.

டங்.

தலையில் சால்வை இருந்தது. கொண்டையை மூடி, நெற்றிவரைக்கும். அவள் போட்டுக்கொள்ளவில்லை. இழுத்து எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

டங்.

சால்வை தலையில் இருந்தது.

மத்தியானம் ஹெதோனே படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம். கதவருகில் நின்று வெகுநேரம் பார்த்தாள். ஹெதோனே பேசாமல் நின்றதை மெலித்தா அன்றுதான் பார்த்தாள்.

"யாருடி கூப்பிட்டது என்னை?" என்றாள் ஹெதோனே கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "யாரோ வந்து, அஞ்சாவது மாடியில ஒண்ணு இருக்கு, கழுவணும்னு சொன்னாங்களே."

மெலித்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு பிரியவில்லை. பிரிகிற உதடு அங்கே இல்லை. ஒரு கோடு இருந்தது.

ஹெதோனே கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். முதலில் நடந்து. பிறகு ஓடி.

டங். டங். டங்.

கழுத்து திரும்பவில்லை. வலது பக்கம் மட்டும் உலகம் இருந்தது. கன்னத்தைத் தொட்டாள், விரலுக்கும் இப்போது தெரியவில்லை. மூக்கு இருந்த இடம் வழவழப்பு. கண் இருந்த இடம் வழவழப்பு. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதால் பார்க்கிறோம் என்று யோசிக்கவில்லை. பயமா என்று தேடினாள். எங்கோ இருந்தது. தூரத்தில். பக்கத்து வீட்டில் யாரோ அழுகிற மாதிரி.

வெயில் சாய்ந்தது. சம்மட்டிகள் நின்றன.

மூச்சு வாங்க யாரோ படியேறி வந்தார்கள். தல்லுஸ்.

"மெலித்தா! ஓலை கெடைச்சிடுச்சுடி! ரெண்டு பேருக்கும்! எங்க வெச்சே அந்தத் தொப்பிய?" உப்பு ஜாடி நகர்ந்தது. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற சத்தம். "எப்படி இருக்கேன்? இந்தப் பக்கம் திரும்பிப் பாரேன். கோபமா? திரும்ப வேணாம், இரு, நான் வரேன்."

பின்னால் வந்து நின்றான். தோளில் கை வைத்தான். சால்வையை விலக்கினான். அந்தக் கொண்டையின் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினான், எப்போதும் அவன்தான் அதை அவிழ்ப்பான். முடி பிரிந்து இரண்டு பக்கமும் விழுந்தது.

அவன் பேச்சு நின்றது.

கீழே தெருவில் ஒரு வண்டி போய் முடிந்தது.

கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தவில்லை.

பிடரியில் காற்று பட்டது. வாயால் ஊதிய காற்று, சின்னதாக, கவனமாக. அது எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. குழிந்த நெற்றி. குழிந்த கண். குழிந்த மூக்கு, அதன் நடுவில் சின்ன மேட்டின் பள்ளம். குழிந்த உதடு.

பிறகு கட்டைவிரல். ஒரு முறை துடைத்தது. கதகதப்பாக.

மாதக்கணக்கில் செத்துக் கிடந்த எல்லாமும் அந்த ஒரு இடத்தில் விழித்துக்கொண்டது. நிறுத்து என்று சொல்லத் தெரிந்தது. சொல்ல வாய் பின்னால் இருந்தது.

"யூனோ தாயே," என்றான் தல்லுஸ். மெல்ல, மூச்சோடு. "இப்படி நான்கூட வெட்டினதில்லையே."

உள்ளங்கையில் எதையோ உருட்டுகிற சத்தம். தேன்மெழுகின் வாசனை. சூடாக, மெத்தென்று, கண்ணுக்குள், மூக்குக்குள், உதட்டுக்குள் அது வந்து நிறைந்தது. அழுத்தினான். மூச்சுவிட இடமில்லாமல் அழுத்தினான். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தான்.

அவள் தோளுக்கு மேலாகக் கை நீண்டு, அதை ஜன்னல் விளிம்பில், கடைசி வெளிச்சத்தில் நிறுத்தி வைத்தது. முக்காடு போட்ட பெண். ஒரு முடி குறையாமல். வலது பக்கம் பார்த்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டு.

"அருமையா வந்திருக்கு," என்றான், மெழுகிடம்.

விளிம்பில் இன்னும் நிறைய இடம் இருந்தது. பின்னால் அவன் உள்ளங்கைகள் மறுபடி உரசத் தொடங்கின.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."